வாடிய ஆர்க்கிடுச் செடியைப் பேணும் முறை

வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் வளரும் ஆர்க்கிடுச் செடி இலை சுருங்கி வாடக் கண்டால், அது தாகத்தால் வாடுவதாகக் கருதி மேன்மேலும் தண்ணீர் ஊற்றுவது பலரது வழக்கம். இந்த உபசாரத்தினாலேயே மடியும் செடிகள் மிகப் பல. வேர் காய்ந்தாலும் இலை சுருங்கும். வேர் அழுகினாலும் இலை சுருங்கும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாதாதலால், ஈரத்தின் நடுவிலிருந்தும் செடி நீரின்றித் தவிக்கின்றது. ஆகவே, தண்ணீர் ஊற்றுமுன் வேரைப் பார்த்தல் வேண்டும்.

செடியின் இயல்பு

வீடுகளில் வைப்பதற்கென்று பெரிதும் விற்கப்படுவது பெலனாப்சிஸ் என்னும் இனமாகும். ஜாவாவில் பணியாற்றிய தாவர நூல் வல்லுநர் ப்ளூமே என்பார், அந்துப்பூச்சி போன்றது எனப் பொருள்படும் இப்பெயரை 1825-ம் ஆண்டில் இட்டார். இது தென்கிழக்காசியக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளர்வது. நம் நாட்டு மாமரங்களில் காணப்படும் வாண்டாவும் இவ்வகையினதே. இவை புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை உண்பன அல்ல. மரம் இவற்றிற்கு இருக்கை மாத்திரமே. இவற்றின் வேரின்மேல் வெலாமன் எனப்படும் பஞ்சு போன்ற உறை உண்டு. அது மழை நீரை விரைவில் உறிஞ்சிக்கொண்டு, பின்னர் காற்றில் உலரும். இத்தகைய வேரை மண்ணில் புதைத்து நாள்தோறும் நனைத்தால், காற்றின்றி அழுகிப்போவது இயல்பே.

வேரைச் சோதித்தல்

செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்து, வேர்களைத் தண்ணீரில் அலசுக. நல்ல வேர் கையால் அழுத்தினால் உறுதியாயிருக்கும். உலர்ந்தபோது வெண்மையாகவும் நனைந்தபோது பசுமையாகவும் தோன்றும். அழுகிய வேர் பழுப்பு நிறமாய்க் குழைந்து, மேலுறை கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மாத்திரம் எஞ்சி நிற்கும். அழுகியவற்றை, நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தியால் நல்ல பாகம் வரையில் வெட்டி நீக்குக. தொட்டிக்கு வெளியே நீளும் வேர்களை வெட்டலாகாது; செடிக்கு அவையும் உதவுவன. பூந்தண்டு இருப்பின் அதனை வெட்டிவிடுதல் நலம். செடியின் பலம் வேர் விடுவதற்குப் பயன்படும்.

மாற்றி நடுதல்

வெட்டுவாய் உலருமாறு செடியைச் சில மணி நேரம் நிழலில் வைத்திருந்து, பின்னர் நடுக. மண் கூடாது. அடுப்புக்கரித் துண்டு, உடைத்த செங்கல், பலமுறை ஊறவைத்து நீரை மாற்றிக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றைக் கலந்து இடுக. அடியிலும் பக்கங்களிலும் துளையுள்ள தொட்டியே ஏற்றது. எஞ்சிய வேர்கள் அடங்கும் அளவுக்குமேல் தொட்டி பெரிதாயிருந்தால் ஈரம் தங்கும். இலைகள் புறப்படும் அடிப்பாகத்தைப் புதைக்காமல் மேலே நிறுத்தி, செடி அசையாதபடி சிறு குச்சியில் கட்டுக.

நீரும் ஒளியும்

விரலை உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் ஏறக்குறைய உலர்ந்த பின்னரே காலை வேளையில் தண்ணீர் விடுக. விட்ட நீர் முழுதும் வடிந்துவிட வேண்டும். தட்டில் தேங்க விடலாகாது. நடுக்குருத்தில் தங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுக. குருத்து அழுகினால் செடி பிழைப்பது அரிது. காலை வெயில் படும் கிழக்குச் சன்னலோரம் தகுந்த இடம். உச்சி வெயில் இலையைக் கருக்கிவிடும். புதிய வேர் விடும்வரையில் எரு எதுவும் இடலாகாது.

குணமாகும் அடையாளம்

சுருங்கிய பழைய இலை முற்றிலும் நிமிராமற்போகலாம். அது கண்டு மனந்தளர வேண்டுவதில்லை. பசுமையான நுனியுடன் புதிய வேர் தோன்றுவதும், குருத்தில் புதிய இலை விடுவதுமே செடி தேறியதற்கு மெய்யான அறிகுறிகள். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரையில் அடிக்கடி செடியைப் பிடுங்கிப் பாராமலும், இரக்கத்தால் மிகுதியாக நீர் விடாமலும் இருப்பதே தக்க சிகிச்சையாகும்.