கம்பி வழிப் பேச்சு – 14: ‘யு’ போட்டுத் தொடங்கு

8051 சிப்பில் 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்குப் பதில் 12-ஐ மாட்டினால் 9600 பாட் வேகம் 10416 ஆகிவிடும், திரையில் குப்பை கொட்டும் என்று போன வாரம் பார்த்தோம். காட்டாங்கொளத்தூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். மற்றவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

சரி, கிரிஸ்டலே இல்லாவிட்டால்? பதில் கார்களுக்குள் இருக்கிறது.

மறைமலை நகரில் 2022 வரை ஃபோர்டு கார் செய்தது. செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் மகிந்திராவின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கார்த் தொழிலில் இருப்பவர்களிடம் ‘லின்’ என்றால் உடனே புரியும். கதவுக் கண்ணாடி சுவிட்ச், பக்கக் கண்ணாடி, மழை பட்டதும் வைப்பரை ஓட்டும் சென்சார் போன்ற சில்லறை உறுப்புகளை ஒற்றைக் கம்பியில் பேசவைக்கும் ஏற்பாடு. 1990களின் கடைசியில் ஐரோப்பிய கார் கம்பெனிகள் கூடி வகுத்தது. நோக்கம் ஒன்றுதான்: சிக்கனம். சுவிட்சுக்கெல்லாம் யார் கிரிஸ்டல் வாங்கிப் போடுவது? சிப்புக்குள் இருக்கும் மலிவுக் கடிகாரமே போதும் என்று விட்டுவிட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் அந்தக் கடிகாரம் தடுமாறத்தான் செய்யும். 14 சதவீதம் வரை பிசகலாம் என்று லின் விதியே இடம் கொடுக்கிறது!

பிறகு எப்படிப் பேச்சு நடக்கிறது? இங்கேதான் இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத ‘யு’ வருகிறது.

ஆங்கிலப் பெரிய எழுத்து ‘யு’வின் ஆஸ்கி எண் 85. இரும எண்ணில் 01010101. சீரியல் கம்பியில் கடைசி பிட்தான் முதலில் போகும். முன்னால் தொடக்க பிட் 0, பின்னால் முடிவு பிட் 1. ஆக, கம்பியில் 0101010101. ஒரு பிட் கீழே, ஒரு பிட் மேலே, பிசிறே கிடையாது. பஜனைக்குப் பாதியில் வந்து உட்கார்ந்தவருக்கு ஜால்ரா போல. மைக்ரோகன்ட்ரோலர் முதல் இறக்கத்தில் டைமரை ஓடவிட்டு ஐந்தாவது இறக்கத்தில் நிறுத்துகிறது. நடுவில் சரியாக எட்டு பிட். மைக்ரோவினாடிக் கணக்கில் டைமர் 833 காட்டினால் எட்டால் வகுக்க 104, வேகம் 9600. எட்டால் வகுக்கத் தனியாக நிரல்கூட வேண்டாம், எண்ணை மூன்று இடம் வலப்பக்கம் தள்ளினால் முடிந்தது. அதைவிட அழகு, சிப்பின் கடிகாரமே தப்பாக ஓடினாலும் கவலையில்லை. தப்பான கடிகாரத்தால் அளந்ததை அதே கடிகாரத்தால்தானே திருப்பிச் சொல்லப் போகிறது!

லின்னில் ஒவ்வொரு செய்திக்கு முன்பும் இந்த 85 போகிறது. ‘தானாக வேகம் கண்டுபிடிக்கும்’ என்று சிப் விற்பவர்கள் பெருமையடிப்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. பாதிப் பெருமை சரியான எழுத்தை முதலில் அனுப்புகிறவருக்குச் சேர வேண்டும்.

1981-இல் வந்த ஹேஸ் ஸ்மார்ட்மோடமும் இதே ஜாதிதான். கட்டளையெல்லாம் ‘ஏடி’ என்று தொடங்கும். ‘ஏ’யில் தொடக்க பிட் மட்டும் தனியே கீழிறங்கி, அடுத்த பிட்டிலேயே மேலேறும், அந்த ஒரு அகலத்தை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். ரிச்சி தெருவில் வாங்கும் ஜிஎஸ்எம் மாட்யூல்கள் பலவும் இன்றும் முதல் ‘ஏடி’க்காகக் காத்திருப்பவை.

மாமல்லபுரத்துக்கு அப்பால் போகும் கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இடத்தை ‘யு’ தின்றுவிட்டது. ஏஐஎஸ் கருவியும் ஒவ்வொரு செய்திக்கு முன்னும் 0101 என்று 24 பிட் அனுப்புகிறது. அதன் வேகமோ உலகெங்கும் 9600 என்று முன்பே முடிவானது. பிறகு எதற்கு அந்த 24 பிட்? அடுத்த வாரம்.