மனித உரிமைச் சட்டம்: உதவித்தொகையுடன் ஆய்வு, ஊதியத்துடன் பணி – வாய்ப்புகள் எங்கே உள்ளன?

புதுடெல்லி: மனித உரிமைச் சட்டத்தைப் படித்தால் வருமானம் கிடைக்காது என்ற எண்ணம் சட்ட மாணவர்களிடையே பரவலாக உள்ளது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகச் சட்டக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் பலர், விருப்பம் இருந்தும் இந்தக் காரணத்தாலேயே இத்துறையைத் தவிர்க்கின்றனர். ஆனால் ஆய்வுக்கான உதவித்தொகைகளும் ஊதியம் தரும் பணிகளும் இத்துறையில் உண்டு. அவை ஒரே இடத்தில் இல்லை என்பதும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயது வரம்பும் காலக்கெடுவும் இருப்பதுமே சிக்கல். எந்த ஆண்டில் எதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அறியாததால் மட்டுமே பலர் வாய்ப்பை இழக்கின்றனர். அவற்றைப் பற்றிய விளக்கம் இதோ.

ஆய்வு ஏன் முக்கியம்?

மனித உரிமை வழக்குகளில் சட்ட வாதத்துடன் தரவுகளும் தேவைப்படுகின்றன. 1979-ஆம் ஆண்டு ஹுஸைனாரா காத்தூன் வழக்கு இதற்குத் தொடக்ககாலச் சான்று. பீகார் சிறைகளில் விசாரணையே இன்றிப் பல ஆண்டுகளாக அடைபட்டிருந்த கைதிகள் குறித்து நாளிதழில் வெளியான கட்டுரைகளை அடிப்படையாகக் கொண்டு, வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தை நாடினார். விரைவான விசாரணை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் உரிமையின் அங்கம் என்று அந்த வழக்கில் நீதிமன்றம் அறிவித்தது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு, டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட மரண தண்டனை குறித்த ஆய்வறிக்கை. தண்டனைக் கைதிகளையும் அவர்களின் குடும்பத்தினரையும் நேரில் சந்தித்துத் தகவல் திரட்டிய இந்த ஆய்வில் சட்ட மாணவர்களும் பங்கேற்றனர். மரண தண்டனை பெற்றவர்களில் சுமார் 74 விழுக்காட்டினர் பொருளாதார ரீதியில் நலிந்தவர்கள் என்பதை அந்த ஆய்வு வெளிக்கொணர்ந்தது.

2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான வழிகாட்டுதலை வழங்கியது. மரண தண்டனை குறித்து முடிவெடுக்கும் முன்னர், குற்றவாளியின் குடும்பப் பின்னணி, கல்வி, மனநலம், சிறையில் அவரது நடத்தை ஆகிய விவரங்களை விசாரணை நீதிமன்ற நிலையிலேயே திரட்ட வேண்டும் என்பதே அது. இத்தகைய விவரங்களைத் திரட்டித் தொகுப்பது, சட்டம், சமூகப்பணி, உளவியல் ஆகியவற்றைப் பயின்றவர்களுக்கு ஒரு புதிய பணிக்களமாக வளர்ந்து வருகிறது.

நெட் தேர்வு: முதன்மையான வழி

இந்தியாவில் ஆய்வுக்கு நிதி பெற முதன்மையான வழி, தேசியத் தேர்வு முகமை நடத்தும் யுஜிசி நெட் தேர்வு. இதில் சட்டம் 58-ஆவது பாடமாகவும், 'மனித உரிமைகளும் கடமைகளும்' 92-ஆவது பாடமாகவும் உள்ளன. முதுநிலைப் பட்டம் எந்தப் பாடத்தில் பெறப்பட்டதோ, அப்பாடத்திலேயே தேர்வு எழுத வேண்டும் என்பது பொது விதி. எனவே எல்.எல்.எம். முடித்தவர்கள் சட்டத்தையும், மனித உரிமைகள் பாடத்தில் எம்.ஏ. முடித்தவர்கள் 92-ஆவது பாடத்தையும் தேர்ந்தெடுக்கின்றனர்.

இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கு (ஜே.ஆர்.எஃப்.) தகுதி பெறுவோருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000 வழங்கப்படுகிறது. அதன் பின்னர் ஆய்வின் முன்னேற்றம் மதிப்பிடப்பட்டு, முதுநிலை ஆய்வாளராக மாதம் ரூ.42,000 வழங்கப்படுகிறது. இந்த விகிதம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. மொத்தக் காலம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். முழுக் காலத்துக்கும் கணக்கிட்டால் ரூ.24 லட்சம் ஆகிறது. வீட்டு வாடகைப் படியும் நூல்கள், களப்பணி முதலியவற்றுக்கான ஆண்டுச் செலவுத் தொகையும் இதில் சேரவில்லை.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதியின்றி முனைவர் பட்ட ஆய்வில் சேர்வோருக்கு வழங்கப்படும் உதவித்தொகை மாதம் ரூ.8,000 மட்டுமே. ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே வழிகாட்டியின் கீழ்ப் பணிபுரியும் இருவருக்கு இடையே மாதம் ரூ.29,000 வேறுபாடு ஏற்படுகிறது. நகரத்தில் அறை எடுத்துத் தங்கி ஆய்வு செய்யும் ஏழை மாணவர் ஆய்வைத் தொடர்வாரா, பாதியில் விடுவாரா என்பதைப் பல நேரங்களில் இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

ஜே.ஆர்.எஃப். பெற வயது வரம்பு 30. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், திருநர்கள் ஆகியோருக்கு ஐந்து ஆண்டுகள் தளர்வு உண்டு. பலரும் கவனிக்கத் தவறும் மற்றொரு சலுகை, எல்.எல்.எம். பட்டம் பெற்றவர்களுக்கு வழங்கப்படும் மூன்று ஆண்டுகள் தளர்வு. சில ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றிவிட்டு ஆய்வுக்குத் திரும்ப விரும்புவோருக்கு இது பயன்படும்.

2024 முதல் நெட் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் சேர்க்கைத் தகுதி மட்டும் பெற்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் கணக்கில் கொள்ளப்படும். இந்த மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லுபடியாகும்.

பிற உதவித்தொகைகள்

பட்டியல் சாதி, பழங்குடியின, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஆய்வு மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் திட்டங்கள் தனித்தனியே உள்ளன. குடும்பத்தில் ஒரே பெண் குழந்தையாக உள்ள ஆய்வு மாணவிகளுக்கு யுஜிசியின் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகை உள்ளது. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டி நூல்களில் அதன் பெயர் இன்னும் இடம்பெற்றிருக்கக்கூடும் என்பதால் மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

1969-இல் தொடங்கப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும், பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களுக்கும் உதவித்தொகை வழங்குகிறது. வேறு உதவித்தொகை பெறாதவர்களுக்கான வாய்ப்பு இது.

முதுநிலைச் சட்டப் படிப்பு மட்டத்தில் நிதி வாய்ப்புகள் ஒப்பீட்டளவில் குறைவு. பட்டியல் சாதி மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை கிடைக்கும். மற்றவர்கள் தாம் சேரும் பல்கலைக்கழகத்தின் கட்டணச் சலுகைகளைச் சேர்க்கைக்கு முன்பே விசாரித்து அறிவது நல்லது.

படிக்கும்போதே பயிற்சி

1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் நிறுவப்பட்டது. மனித உரிமைத் துறையில் ஆய்வு செய்வதும் ஆய்வை ஊக்குவிப்பதும் ஆணையத்தின் கடமைகளில் ஒன்று என்று அச்சட்டத்தின் 12-ஆவது பிரிவு கூறுகிறது. அதன்படி கல்வி நிறுவனங்களின் ஆய்வுத் திட்டங்களுக்கு ஆணையம் நிதி வழங்குகிறது. மாணவர்களுக்குக் கோடையிலும் குளிர்காலத்திலும் நேரடிப் பயிற்சியும், இரண்டு வார இணையவழிப் பயிற்சியும் உதவித்தொகையுடன் நடத்தப்படுகின்றன. டெல்லிக்குச் சென்று தங்க இயலாத மாணவர்களுக்கு இணையவழிப் பயிற்சி ஏற்றது.

ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையர் அலுவலகத்தின் பயிற்சி பலரையும் ஈர்க்கக்கூடியது. ஆனால் அதற்கு ஊதியம் கிடையாது. ஜெனீவாவில் தங்கும் செலவை மாணவரே ஏற்க வேண்டும். அதே அலுவலகம் பழங்குடியினருக்கும் சிறுபான்மையினருக்கும் நடத்தும் சிறப்புப் பயிற்சித் திட்டங்களில் பயணச் செலவும் தங்கும் செலவும் ஏற்கப்படுகின்றன.

ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் நீதித்துறைப் பயிற்சித் திட்டத்துக்குப் பல்கலைக்கழகங்களே தம் மாணவர்களைப் பரிந்துரைத்துச் செலவையும் ஏற்பது வழக்கம். இதனால் வசதிமிக்க பல்கலைக்கழகங்களின் மாணவர்களே பெரிதும் பயன்பெற்றனர். இந்நிலையை மாற்ற, வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களுக்கென ஒரு நிதியம் அமைக்க ஐ.நா. பொதுச் சபை 2020 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது.

வெளிநாட்டுப் படிப்பு

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை, ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கான முழுச் செலவையும் ஏற்கிறது. விண்ணப்பிக்க 2,800 மணி நேரப் பணி அனுபவம் தேவை. அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் தங்கி முதுநிலைப் படிப்பைப் பயில முடியும். தேர்வாகும் மாணவர்களுக்கு மாதம் 1,400 யூரோ வழங்கப்படுகிறது.

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்கள் உள்ளன. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகியோரின் குடும்பத்தினருக்கானது இத்திட்டம். குடும்ப ஆண்டு வருமான வரம்பு ரூ.8 லட்சம். 2022-இல் திருத்தப்பட்ட வழிகாட்டு விதிகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் சார்ந்த ஆய்வுத் தலைப்புகளுக்கு இத்திட்டத்தில் இடமில்லை என்று கூறுகின்றன. சாதி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போன்ற தலைப்புகளை வெளிநாட்டில் ஆய்வு செய்ய எண்ணுவோர், விண்ணப்பிக்கும் முன் நடப்பு ஆண்டின் விதிகளை வரிவிடாமல் படிக்க வேண்டும்.

பணி வாய்ப்புகள் என்னென்ன?

உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு உதவும் சட்ட எழுத்தர் மற்றும் ஆய்வு உதவியாளர் பணி, இளம் பட்டதாரிகளுக்கு நல்ல தொடக்கம். 2025 தொடக்கத்தில் வெளியான அறிவிப்பில் 90 இடங்களும் மாதம் ரூ.80,000 தொகுப்பூதியமும் குறிப்பிடப்பட்டிருந்தன. கொள்குறி வினாத் தேர்வு, விரிவான எழுத்துத் தேர்வு, நேர்காணல் என மூன்று கட்டங்களாகத் தேர்வு நடைபெறும். இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

குற்ற வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாட, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-இல் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தை விரிவுபடுத்தியது. முழுநேர ஒப்பந்த அடிப்படையிலான இப்பணிக்கு மாத மதிப்பூதியம் உண்டு. தலைமை வழக்கறிஞருக்குப் பத்து ஆண்டுகள், துணைத் தலைமை வழக்கறிஞருக்கு ஏழு ஆண்டுகள் அனுபவம் தேவை. உதவி வழக்கறிஞர் பணிக்குப் புதிதாகப் பதிவு செய்தவர்களும் விண்ணப்பிக்கலாம். காவல் நிலையம், சிறை, விசாரணை நீதிமன்றம் ஆகியவற்றை நேரில் அறியும் வாய்ப்பு இதில் கிடைக்கிறது.

மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு மாவட்டம்தோறும் மனித உரிமை நீதிமன்றங்களுக்கு வழிவகுக்கிறது. அவற்றுக்கான சிறப்பு அரசு வழக்கறிஞராக, குறைந்தது ஏழு ஆண்டுகள் தொழில் புரிந்தவரை நியமிக்கலாம் என 31-ஆவது பிரிவு கூறுகிறது.

நிறுவனத் துறையிலும் வாய்ப்புகள் உள்ளன. செபி விதிகளின்படி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் மனித உரிமைகளை மதிப்பது உள்ளிட்ட பொறுப்புகள் குறித்து ஆண்டுதோறும் அறிக்கை அளிக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி அமைக்கப்படும் உள்ளகக் குழுவில் வெளி உறுப்பினர் ஒருவர் இடம்பெறுவதும் கட்டாயம். இவற்றுக்கு உரிமைச் சட்டம் அறிந்தவர்கள் தேவைப்படுகின்றனர்.

கவனிக்க வேண்டிய விதி

வழக்கறிஞராகப் பதிவு செய்த ஒருவர், தொழில் புரியும் காலத்தில் முழுநேர ஊதியப் பணியில் இருக்கக் கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 49-ஆவது விதி. எனவே தொண்டு நிறுவனத்திலோ ஆய்வு மையத்திலோ முழுநேரப் பணியில் சேரும் முன், மாநில வழக்கறிஞர் கழகத்துக்குத் தெரிவித்துப் பதிவை இடைநிறுத்தி வைக்க வேண்டிய தேவை எழலாம். இதைத் தவறவிட்டால், பின்னாளில் அனுபவ ஆண்டுகளைக் கணக்கிடும்போது சிக்கல் ஏற்படக்கூடும்.

எப்போது எதைச் செய்யலாம்?

* சட்டப் படிப்பின் இடையில்: தேசிய அல்லது மாநில மனித உரிமைகள் ஆணையத்தில் பயிற்சி. சட்ட உதவி மையப் பணி.
* இறுதியாண்டில்: உச்ச நீதிமன்ற ஆய்வு உதவியாளர் தேர்வுக்கு விண்ணப்பம்.
* பட்டம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளில்: சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் பணி அல்லது ஆய்வு நிறுவனப் பணி. இந்த அனுபவம் செவனிங் விண்ணப்பத்துக்கும் உதவும்.
* எல்.எல்.எம். படிக்கும்போது: நெட் தேர்வு. வயது வரம்பு நெருங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.
* எந்த நிலையிலும்: வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைப் புதுப்பித்துத் தயாராக வைத்திருத்தல்.

உதவித்தொகை விகிதங்களும் விதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. ஆகவே தரகர்களையோ சமூக ஊடகங்களில் பரவும் பட்டியல்களையோ நம்பாமல், அந்தந்த அமைப்பு வெளியிடும் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.