ஹாஃப் இன்ஜினா, ஃபுல் இன்ஜினா?

பழைய டிராக்டர் புகை கக்க ஆரம்பித்தால் பட்டறையில் முதலில் காதில் விழுவது, "இன்ஜினை இறக்கிடலாம்ணே" என்பதுதான். பிஸ்டன், ரிங், லைனர் மாற்றினால் ஹாஃப் இன்ஜின். கிராங்கையும் கழற்றி லேத்துக்கு அனுப்பினால் ஃபுல் இன்ஜின். செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. புகையை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யவே கூடாது.

கறுப்புப் புகைக்கு அடைபட்ட ஏர் கிளீனரோ, ஒழுகும் இன்ஜெக்டரோ போதும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அது வால்வு கைடு வழியாகவும் இறங்கலாம், ரிங்கைத் தாண்டியும் ஏறலாம். இன்ஜின் சூடாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் விட்டுவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

ஹெட்டைக் கழற்றியதும் லைனரின் உச்சியை நகத்தால் வருடினால் ஒரு படி தட்டுப்படும். பிஸ்டன் மேலே போய்த் திரும்புமுன் ஒரு கணம் நிற்கிறது. ஆயில் படலம் அங்கே மெலிகிறது. எரிதலின் சூடும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். லைனர் அதிகம் தேய்வதும் அங்கேதான். மாஸி பெர்குசன் 35-இல் வந்த பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜினின் போர் 91.4 மி.மீ. அது 0.1 மி.மீ. அகன்றால் சுற்றளவு 0.31 மி.மீ. கூடும், ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளியும் கூடுதலாக விழும். டீசலைப் பற்றவைப்பது அமுக்கிய காற்றின் சூடு. காற்று கசிந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். படி ஆழமாக இருக்கும்போது புது ரிங் மட்டும் போடுவது காசைக் கரியாக்குவது. மேல் ரிங் அந்தப் படியில் மோதி உடையவும் கூடும்.

கிராங்குக்கு ஆயில் பிரஷர்தான் சாட்சி. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருந்து தேய்மானத்தை மறைக்கும். நன்றாக உழுது சூடேறிய பிறகு முள் கீழே விழுந்தால், ஆயில் பம்பையும் ரிலீஃப் வால்வையும் முதலில் பாருங்கள். அவை சரியென்றால் பேரிங்கைக் கழற்றி, ஜர்னலை மைக்ரோமீட்டரில் சுற்றிலும் அளக்கச் சொல்லுங்கள். வட்டம் கெடாமல், கீறல் விழாமல், அளவும் குறையாமல் இருந்தால் புது பேரிங் போதும். கிராங்கை லேத்துக்கு அனுப்ப வேண்டாம்.

எந்த வேலை செய்தாலும் ஏர் கிளீனரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புழுதி உழவில் அதன் வழியே நுழையும் மண் பழைய லைனரை அரைத்தது போலவே புதியதையும் அரைக்கும்.