ஈஸ்ட் ஹாமில் கடைசி வாரம்

எங்கள் நிலையத்தில் வேலைப் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி ஒருவர் வரும் ஜனவரியில் லண்டன் போகிறார். மாணவர் பரிமாற்றத் திட்டம். ஒரு பருவம், ஐந்து மாதம். நானும் அதே வயதில் அதே ஊரில் அதே ஐந்து மாதம் இருந்தவள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். செய்தி ஓடிக்கொண்டிருந்த மூன்று நிமிட இடைவெளியில் ஒலிபரப்புக் கூடத்துக்குள் தலையை நீட்டினார்.

"அக்கா, அங்கேருந்து கிளம்புறதுக்கு முன்னாடி, கடைசி வாரம் கண்டிப்பா பார்க்க வேண்டிய இடமெல்லாம் சொல்லுங்க. லிஸ்ட் போட்டுக்கிறேன்."

இன்னும் போகவே இல்லை, அதற்குள் திரும்பி வருவதற்குப் பட்டியலா என்று சிரித்தேன். செய்தி முடிந்து ஒலிவாங்கியைத் திறந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. 2009 மே மாதம் நானும் அப்படி ஒரு பட்டியலோடுதான் சுற்றினேன். பதினொரு இடங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சின்னப் பெட்டி, சரி போடுவதற்கு.

ஜனவரி முதல் வாரத்தில் போய் இறங்கியபோது மாலை நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. வருடம் முழுக்க ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டும் தீவிலிருந்து போனவளுக்கு அது ஏதோ தண்டனை மாதிரி இருந்தது. விடுதி வாடகை கட்டுப்படியாகவில்லை. பவுண்டு அப்போது இரண்டு வெள்ளிக்குச் சற்று மேல். அதுவே மலிவு, இரண்டு வருடத்துக்கு முன் மூன்று வெள்ளி என்றார்கள். அம்மாவின் தோழிக்குத் தெரிந்தவர் மூலமாக ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் மாடி அறை கிடைத்தது. வாரம் 60 பவுண்டு. கட்டில் போட்ட பிறகு கதவு முழுதாகத் திறக்காது.

ஈஸ்ட் ஹாம் தெரியாதவர்களுக்கு: லண்டனின் கிழக்கே, டிஸ்ட்ரிக்ட் ரயில் பாதையில் இருக்கிறது. ஹை ஸ்ட்ரீட் நார்த் என்ற நீளமான கடைத்தெரு. சேலைக் கடை, நகைக் கடை, சரவண பவன், ஒரு மகாலட்சுமி கோயில். கொஞ்சம் நடந்தால் மானர் பார்க்கில் முருகன் கோயில், கோபுரத்தோடு. நம் லிட்டில் இந்தியாவைத் தூக்கிக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. அவர் மனைவி மரக்கறிக் கடையில் கல்லாவில் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. 'ஆன்ட்டி' என்றேன். அவர்கள் வாயில் அது 'அன்ரி'. ஒரு மாதத்தில் எனக்கும் அன்ரி ஆகிவிட்டார். முதல் நாள், "நீர் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டபோது நான் விழித்தேன். 'நீர்' என்ற சொல்லை அதுவரை பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். அதை ஒருவர் புட்டுத் தட்டோடு நின்று என்னைப் பார்த்துச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

பிப்ரவரி 2, திங்கட்கிழமை. விடியற்காலையில் அன்ரி கதவைத் தட்டினார். "பிள்ளை, எழும்பி வெளியிலை வந்து பாரும்!" தெரு முழுக்க வெள்ளை. பதினெட்டு வருடங்களில் லண்டன் கண்ட மிகப் பெரிய பனிப்பொழிவு அது. அன்று லண்டனில் பேருந்துகளே ஓடவில்லை. எனக்கு வகுப்பு இல்லை, அன்ரிக்குக் கடை இல்லை. இருவரும் பின்கட்டில் செருப்பைத் தொலைத்துவிட்டுத் தேடினோம். ஒரு நகரம் என் நகரமானது எந்த நாளில் என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

நான் படித்தது ஊடகத் துறை. அந்தப் பருவத்தில் எனக்குப் பிடித்த பாடம் ஒலி ஆவணம். இறுதிப் பணி: இந்த நகரத்தை ஐந்து நிமிட ஒலியாகக் கொடு. பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவுக் கருவி இரவல் தந்தார்கள். சுரங்க ரயில், மீன் சந்தை, அப்டன் பார்க் காற்பந்து மைதானத்திலிருந்து சனிக்கிழமைகளில் எழும் கூச்சல் என்று எல்லாம் பிடித்தேன். (அந்த மைதானம் இப்போது இல்லை, வெஸ்ட் ஹாம் குழு 2016இல் ஸ்ட்ராட்ஃபர்ட் போய்விட்டது.) தொடக்கத்துக்குப் பிக் பென் மணியோசை. அது இல்லாமல் லண்டனா என்று நினைத்தேன். இன்றைக்கு என்னிடம் ஒரு பயிற்சி மாணவர் அப்படித் தொடங்கினால் திருப்பி அனுப்பிவிடுவேன், அது வேறு விஷயம்.

ஏப்ரல் நடுவில் மணியோசை பிடிக்கப் போனேன். வெஸ்ட்மின்ஸ்டர் நிலையப் படிகளில் ஏறும்போதே மேளச் சத்தம். நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் கூட்டம். ஏப்ரல் 6 முதல் அங்கேயே இருந்தார்கள். வன்னியில் நடந்துகொண்டிருந்த போரை நிறுத்தச் சொல்லும் போராட்டம். எனக்குத் தெரியாத செய்தி அல்ல. வீட்டில் தொலைக்காட்சி அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் காதில் கேட்பொறி மாட்டிக்கொண்டு நின்றவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான்: இந்தச் சத்தம் என் மணியோசையைக் கெடுக்கிறதே. முழக்கம் ஓயும் என்று காத்திருந்தேன். மூன்று கால் மணி அடித்தும் ஓயவில்லை. எரிச்சலோடு கருவியை மூடிவிட்டுத் திரும்பினால், கூட்டத்தின் ஓரத்தில் அன்ரி. கையில் தேநீர் பிளாஸ்க். தோளில் கடைக்குப் போடும் நீல மேலங்கி.

"வேலை முடிஞ்சு வந்தனான்," என்றார். "தம்பியவை அங்கைதான் இருக்கினம்."

அன்று இரவுதான் அந்தத் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. வானொலிக்கு பேட்டரியும் கிடையாது, உள்ளே விடமாட்டார்கள். ஆனால் இரவுச் செய்திக்கு எல்லோருக்கும் பிபிசி தமிழோசை வேண்டும். என்ன செய்வார்கள்? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலியை ஓடவிடுவார்கள். அன்ரி வீட்டில் சுற்றுவது தம்பியின் வேலை. கை வலித்து அவன் மெதுவாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபட்டு மங்கும். "சுத்தடா, சுத்தடா" என்று சுற்றி இருந்து கேட்கும் அயலட்டை முழுக்கக் கத்தும். இதைச் சொல்லும்போது அன்ரி சிரித்தார். நான்கு மாதமாகத் தம்பியின் குரலைக் கேட்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

தமிழோசை எங்கிருந்து வந்தது என்று உங்களில் வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 'லண்டன் பிபிசி' என்றால் அந்தக் காலத்தில் ஆல்ட்விச் வட்டத்தில் இருக்கும் புஷ் ஹவுஸ். 1941இல் தொடங்கிய சேவை. என் வகுப்புக்குப் போகும் வழியில் தினம் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போவேன். அன்ரியிடம் சொன்னேன். பதின்மூன்று வருடமாக லண்டனில் இருந்தும் அவர் அதைப் பார்த்ததில்லை. ஈஸ்ட் ஹாம், கடை, கோயில், இப்போது நாடாளுமன்றச் சதுக்கம். அவருடைய லண்டன் அவ்வளவுதான்.

மே மாதம் வந்தது. இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம். தேர்வு முடிந்தது. சுத்தமான மணியோசைக்காக ஒரு நாள் விடியற்காலை ஐந்துக்குப் போய் நின்று பிடித்துவிட்டேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. 23ஆம் தேதி விமானம். பட்டியலைக் கையில் எடுத்தேன். கிரீனிச்சில் தீர்க்கரேகைக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்துப் படம், சரி. டேட் மாடர்ன், சரி. வாட்டர்லூ பாலத்தில் சூரிய அஸ்தமனம், சரி. ஒரு மாலை சமையலறையில் உட்கார்ந்து புலம்பினேன். நாள் போதவில்லை, இந்த ஊருக்கு ஒழுங்காக விடைகொடுக்கக்கூட நேரமில்லை, போகும்போது ஒரு ஊரிடம் எப்படிச் சொல்லிக்கொள்வது என்று ஏதோ கவிதை மாதிரி பேசினேன். இருபத்தொரு வயது.

அன்ரி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். "நாங்கள் தொண்ணூற்றைஞ்சிலை வெளிக்கிடேக்கை ஒருதருக்கும் சொல்லேல்லை, பிள்ளை," என்றார். "சொல்லுறதுக்கு ஆர் இருந்தது? ஊர் முழுக்க எங்களோடைதானே வந்தது."

1995 அக்டோபர் 30. யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஒரே இரவில் நாவற்குழிப் பாலம் வழியாக வெளியேறிய நாள். மழை. தம்பி அந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தானாம். அரிசி மூட்டை, அதன் மேல் வானொலி. அன்ரி பிறகு கொழும்பு போய் லண்டன் வந்தார். தம்பி வன்னியில் தங்கிவிட்டான்.

மே 18, திங்கட்கிழமை, போர் முடிந்ததாகச் செய்தி வந்தது. அந்த வீட்டில் அந்த வாரம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுப்பு எரிந்தது, ஏனென்றால் நான் சாப்பிட வேண்டும் என்று அன்ரி நினைத்தார். அது எனக்கு எதையும்விடக் கூச்சமாக இருந்தது. என் பெட்டி பாதி அடுக்கியபடி மாடியில் திறந்து கிடந்தது, 'ஐ லவ் லண்டன்' கோப்பைகள் மேலே தெரிய.

புதன்கிழமை மாலை சதுக்கத்துக்குப் போய் அன்ரியைத் தேடிப் பிடித்தேன். பட்டியலில் மூன்று பெட்டிகள் மீதி இருந்தன. "அன்ரி, என்னோட ஒரு இடத்துக்கு வாங்க" என்றேன். ஏன் அழைத்தேன் என்று இப்போதும் எனக்கு விளக்கத் தெரியவில்லை. ஒருவேளை வேறு எதுவும் கொடுக்க என்னிடம் இல்லை. வொயிட்ஹால் தாண்டி, டிரஃபால்கர் சதுக்கம் தாண்டி, ஸ்ட்ராண்ட் வழியாக நடந்தோம். அரை மணி நேரம். நான் பழக்கதோஷத்தில் கருவியை ஓடவிட்டிருந்தேன். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

புஷ் ஹவுஸுக்கு எதிரே சாலை நடுவில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. இப்போது அந்தப் பகுதியை நடப்பவர்களுக்கென்று மாற்றிவிட்டார்கள். அன்று இரண்டு பக்கமும் பேருந்துகள் ஓடின. அதன் ஓரத்தில் நின்றோம். வெள்ளைக் கல், உயரமான தூண்கள். வேலை முடிந்தவர்கள் கழுத்தில் அட்டை தொங்க வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அன்ரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இதுக்குள்ளை இருந்தோ வாசிச்சவை?"

"ஆமா அன்ரி."

நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு பெரிய கட்டடம். அவன் கையாலை எல்லோ சுத்தினவன்," என்றார்.

அந்த மூன்று இடங்களை நான் பார்க்கவே இல்லை. அவை என்ன என்பதும் மறந்துவிட்டது.

சனிக்கிழமை அங்கிள் இரவு வேலை முடித்து வந்து தூங்காமல் என் பெட்டியை நிலையம் வரை இழுத்து வந்தார். அன்ரி பருத்தித்துறை வடை ஒரு பை நிறையக் கொடுத்தார். ஒய்ஸ்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் மூன்று பவுண்டு முன்பணம் கிடைக்கும், சாளரத்தில் கொடுத்துவிட்டுப் போ என்று அங்கிள் நினைவூட்டினார். கொடுக்க மனம் வரவில்லை. பெட்டியோடு தடுப்பைத் தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேன் அன்ரி" என்றேன். "போய்ச் சேர்ந்தவுடனை கோல் எடும்," என்றார். அவ்வளவுதான். ஹீத்ரோ வரை ஒன்றரை மணி நேரம் ரயில். போ ரோடு தாண்டியதும் ரயில் மண்ணுக்குள் போய்விடும். ஐந்து மாதம் இருந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று நினைத்தவளுக்கு, கறுப்புக் கண்ணாடியில் தன் முகம்தான் தெரிந்தது.

ஆகஸ்டில் அன்ரி அழைத்தார். தம்பி கிடைத்துவிட்டான், செட்டிகுளம் முகாமில் இருக்கிறான். தம்பியின் மூத்த மகன் கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

பிபிசி 2012இல் புஷ் ஹவுஸைக் காலி செய்தது. இப்போது அங்கே ஒரு பல்கலைக்கழகம். 2017 ஏப்ரல் இறுதியில் தமிழோசை வானொலி ஒலிபரப்பையும் நிறுத்தினார்கள். அன்று என் நிகழ்ச்சி முடிந்ததும் அன்ரியை அழைத்தேன், அவர் உடைந்து போயிருப்பார் என்று நினைத்து. "ஆர் பிள்ளை இப்ப றேடியோ கேக்கினம்? நான் எல்லாம் போன்லைதான் பாக்கிறது," என்றார். வானொலிப் படைப்பாளரிடம் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லை. பிறகு அவரே, "தம்பிக்குச் சொல்லோணும்," என்றார்.

அந்தப் புதன்கிழமைப் பதிவு என்னிடம் இருக்கிறது. 41 நிமிடம். முக்கால்வாசி காற்று, பேருந்து, எங்கள் செருப்புச் சத்தம். தொடக்கத்தில் சதுக்கத்து மேளம், அதற்குள் எங்கோ பிக் பென். ஒலியின் தரம் மோசம். மதிப்பெண் வாங்கிய அந்தச் சுத்தமான மணியோசை எந்தக் கணினியோடு போனதென்று தெரியாது.

மாணவிக்கு இடங்களின் பட்டியல் எதுவும் கொடுக்கவில்லை. அன்ரியின் எண்ணைக் கொடுத்தேன். மறுநாளே பேசிவிட்டார். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறதாம். கட்டிலை மாற்றவில்லை, கதவும் அப்படியேதான். வாடகை மட்டும் வாரம் 60 பவுண்டு இல்லை.