ஓராவின் தீவில் குடியிருப்போர்

இந்தோனேசியாவில், சும்பாவா என்றும் புளோரஸ் என்றும் பெயர் கொண்ட இரண்டு பெரிய தீவுகளுக்கு நடுவே, வறண்ட புல் மேடுகளும், நமக்குப் பழக்கமான அதே பனைமரங்களும், சுழித்தோடும் கடலும் சூழ்ந்து கிடக்கும் கொமோடோத் தீவைப் பற்றி வெளியுலகம் கேள்விப்பட்டு நூறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகத்தான் ஆகிறது. அங்கே 'நிலத்து முதலை' ஒன்று திரிவதாகச் செம்படவர்கள் சொல்லிவந்ததை 1910-ஆம் ஆண்டில் வான் ஸ்டெயின் வான் ஹென்ஸ்புரூக் என்ற டச்சுப் படையதிகாரி விசாரிக்கப் போய், ஒன்றைச் சுட்டு அதன் தோலை ஜாவாவுக்கு அனுப்பிவைக்க, அங்கே விலங்கியல் காட்சிச்சாலைக்குத் தலைவராக இருந்த பீட்டர் ஓவன்ஸ் 1912-ல் அதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். 1926-ல் டக்ளஸ் பர்டன் என்ற அமெரிக்கர் அவற்றில் இரண்டை உயிரோடு பிடித்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அவருடைய நண்பராகிய மெரியன் கூப்பர் அந்தப் பிரயாணக் கதையைக் கேட்டு மனம் பறிகொடுத்ததன் பயனாகப் பிறந்ததுதான், டைனோசர்கள் இன்னும் நடமாடும் மர்மத் தீவொன்றை 1933-ல் வெள்ளித்திரையில் காட்டிய 'கிங் காங்' படம்.

அதற்குப் பின் எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் வெளியூரார் வந்து இறங்குவதும், அலறுவதும், ஓடுவதும், சிலர் மட்டும் தப்பிப்பதும்தான் கதை. அப்படிப்பட்ட தீவிலேயே பிறந்து, அடுப்பு மூட்டி, பிள்ளை வளர்த்து, கிழவராகிச் சாகிற ஜனங்கள் இருக்கக்கூடுமே என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. கொமோடோவில் அப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர், கம்போங் கொமோடோ என்ற கடலோரக் கிராமத்தில் இருக்கிறார்கள்.

சாஸ்திரப்படி பார்த்தால் ஓரா என்று ஊரார் அழைக்கும் அந்தப் பிராணி டைனோசர் அல்ல. நம் காட்டு உடும்பின் இனத்தைச் சேர்ந்த, மூன்று மீட்டர் வரை நீளும் அண்ணன். டைனோசர்களின் நேர் வாரிசுகள் பறவைகளே என்று விஞ்ஞானிகள் முடிவு கட்டியிருப்பதால், அந்தத் தீவில் உண்மையான டைனோசர் வம்சம் எதுவென்றால், மண்ணைக் குவித்து மேடாக்கி முட்டையிடும் ஒருவகைக் காட்டுக்கோழிதான்; அதன் மேட்டையே பறித்துக்கொண்டு ஓரா தன் முட்டைகளை இடுகிறது என்பது வம்சாவளியின் வேடிக்கை. ஆனால் மூன்று மீட்டர் பிராணி வாசலில் நிற்கும்போது வம்சாவளி ஆராய்ச்சி யாருக்கு உதவப் போகிறது? காற்று வாக்காக இருந்தால் பல கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் பிணத்தைப் பிளவுபட்ட நாக்கினாலேயே அது மோப்பம் பிடிக்கும். மான் தடத்தருகே அசையாமல் படுத்திருந்து பாயும். தன் எடையில் முக்கால் பங்குக்கு மேலும் ஒரே வேளையில் விழுங்கவல்லது. அதன் வாயிலுள்ள அழுக்குக் கிருமிகளே இரையைக் கொல்கின்றன என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். கீழ்த்தாடையில் விஷச் சுரப்பிகள் இருப்பதும், அந்த விஷம் இரத்தத்தை உறையவிடாமல் செய்வதும் 2009-ல்தான் வெளிப்பட்டன. குஞ்சுகள் பொரிந்தவுடன் மரமேறிவிடுகின்றன. பெரியவை தம் இனத்துக் குஞ்சுகளையும் தின்னத் தயங்காதவை.

இத்தகைய ஜந்துவோடு கிராமத்தார் காலந்தள்ளும் விதத்தில் வீர சாகசம் எதுவுமில்லை, வீட்டுப் பழக்கங்களே இருக்கின்றன. வீடுகள் கட்டைக்கால்களின் மேல் உயர்ந்து நிற்கின்றன. காட்டுக்குப் போகிறவர் கவை பிரிந்த நீண்ட கழியொன்றைக் கையில் வைத்திருப்பார். ஓரா நெருங்கினால் கவையை அதன் கழுத்தில் கொடுத்துத் தள்ளுவது, அடிப்பதைக் காட்டிலும் பலன் தரும் உபாயம். புதைகுழியை அது தோண்டிவிடும் என்பதனால், இறந்தவரைப் புதைத்த இடத்தின்மேல் கற்களைக் குவிப்பது வழக்கம். இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் ஐதிகமும் உண்டு: நாக இளவரசி ஒருத்தி இரட்டையரைப் பெற்றாளாம், ஒன்று மனிதப் பிள்ளை, மற்றொன்று ஓரா. வாலிபனான மகன் வேட்டையின்போது அந்தப் பிராணியைக் குத்த ஈட்டியை ஓங்கிய தருணத்தில் தாய் தோன்றி, இது உன் உடன்பிறப்பு என்று தடுத்தாளாம். அந்த உறவுக்காகவே, மான் வேட்டையாடிய நாள்களில் ஒரு பங்கை ஓராவுக்கென்று விட்டுவருவது முன்னோர் வழக்கமாக இருந்தது.

1980-ல் தீவு தேசியப் பூங்காவாயிற்று; மான் வேட்டைக்குத் தடை வந்தது, நாய் வளர்ப்பதற்கும் தடை வந்தது. 2007-ல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கடிபட்டு இறந்தபோது, பங்கு கொடுக்கும் மரியாதை நின்றுபோனதனால் வந்த கோபம் இது என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். இரண்டு ஆண்டு கழித்துச் சீதாப்பழம் பறிக்க மரமேறிய ஒருவர் கீழே விழுந்து, இரண்டு ஓராக்களிடம் அகப்பட்டு மாண்டார். அபாயம் கற்பனையல்ல, ஆயினும் இந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் மரணங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

சினிமாவுக்கு ஏற்ற சம்பவமும் ஒன்று நேர்ந்தது. 2008 ஜூனில் கடலடியில் நீந்தப் போன ஐந்து ஐரோப்பியர் நீரோட்டத்தில் இழுபட்டு அடுத்த தீவாகிய ரிஞ்சாவில் ஒதுங்கி, பாறையில் ஒட்டிய சிப்பிகளைத் தின்று, நெருங்கிவந்த ஓராவைக் கல்லாலும் இடுப்பில் கட்டியிருந்த ஈயக் கட்டிகளாலும் எறிந்து விரட்டி, இரண்டு நாள் கழித்து மீட்கப்பட்டார்கள். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. தீவிலேயே வாழ்நாள் முழுவதும் இருக்கிறவனைப் பற்றி எழுத அவற்றுக்கு இடமில்லை.

அந்த ஜனங்களின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது 2019-ல், அதுவும் ஓராவினால் அல்ல. ஓராக்களின் பாதுகாப்புக்காகத் தீவை ஓராண்டு மூடி, கிராமத்தையே வேறிடத்துக்குப் பெயர்த்துவிடலாம் என்று மாகாண ஆளுநர் அறிவித்தார். வேட்டையை இழந்து, மரத்தில் ஓராவைச் செதுக்கிப் பிரயாணிகளுக்கு விற்றும் வழிகாட்டியும் மீன் பிடித்தும் பிழைத்துவந்த குடும்பங்கள் கிளர்ந்தெழுந்தன. உடன்பிறப்பை விட்டுப் போகமாட்டோம் என்றார்கள். ஆண்டு முடிவதற்குள் மத்திய அரசாங்கம் அந்த யோசனையைக் கைவிட்டது. மறு ஆண்டில் ரிஞ்சாவில் பிரயாணிகளுக்கென்று கட்டட வேலை தொடங்கியபோது, லாரி ஒன்றின் முன்னால் ஓரா நிற்கும் புகைப்படம் நாடெங்கும் பரவ, அந்த வேலைக்கு ஜனங்கள் 'ஜுராசிக் பார்க்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.