இன்ஜின் போன வண்டி: பிரிப்பதா, எடைக்குப் போடுவதா?

ரிப்பேர் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று டவுனில் ஒரு கணக்கு சொல்வார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். வண்டியை விற்கப் போகிறவருக்கு அந்தக் கணக்கு சரி. காய்கறியை நேரடியாக விற்கிற நமக்கு வண்டியின் விலை பெரிய விஷயமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு எதில் ஏற்றிப் போவது? அது நடக்காவிட்டால் நஞ்சில்லாத கத்தரிக்காயும் கமிஷன் மண்டிக்குத்தான் போகும், மண்டி விலைக்குத்தான் போகும்.

எங்கள் டீசல் ஜீப் 2008 மாடல். கோபி பக்கத்திலிருந்து ஈரோட்டுக்கு வாரம் ஒரு நடை, போக வர 80 கி.மீ. மற்றபடி சாணம், விதை, பிண்ணாக்கு என்று உள்ளூர் ஓட்டம். எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 6,000 கி.மீ. வரும். போன தை மாதம் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய், இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. ஹீட் முள் ஏறவே இல்லை. அந்த சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் மொத்தமாகப் போய்விட்டால் முள் சும்மா கிடக்க, உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ உப்பலோ தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவது நல்லது.

இன்சூரன்ஸ் இதற்குக் கிடைக்காது. ஃபுல் இன்சூரன்ஸே இருந்தாலும் விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் இப்படித்தான். இயந்திரக் கோளாறும் தேய்மானமும் அதில் சேராது.

மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, "பிரிச்சாத்தான் சார் தெரியுமுங்க, அறுபதும் ஆகலாம், தொண்ணூறும் ஆகலாம்" என்றார். ஆயிரத்தில்! இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பிரித்துப் போட்ட பிறகு பாதியில் நிறுத்த மனசு வராது, பில் ஏறிக்கொண்டே போகும். அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே உச்சவரம்பு எவ்வளவு என்று முடிவு பண்ண வேண்டும். வங்கியில் கடன் கொடுப்பதற்கு முன்னால் வரம்பு போடுகிற மாதிரி.

அந்த வரம்பை எப்படிப் போடுவது? புது வண்டியோடு ஒப்பிடக் கூடாது. 8 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 16,800 ரூபாய். வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல். அதோடு வைத்துப் பார்த்தால் எந்த ஓட்டை வண்டியும் ஜெயித்துவிடும். வாடகை வண்டியோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

எங்கள் பக்கம் சின்ன லோடு வண்டி ஈரோடு போய்வர 1,800 ரூபாய் கேட்கிறார்கள். 52 வாரத்துக்கு 93,600. உள்ளூர் நடை 500 ரூபாய் வீதம் வருஷம் 50 நடைக்கு 25,000. ஆக 1,18,600. சொந்த வண்டி என்றால் லிட்டருக்கு 10 கி.மீ., டீசல் 92 ரூபாய் என்று வைத்து 55,200; இன்சூரன்ஸ், டயர், சில்லறை வேலைக்கு 25,000; மொத்தம் 80,200. வித்தியாசம் 38,400. ஆர்.சி. 2028 வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட ஓடாது என்றே வைத்துக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு 76,800. இதுதான் என் வரம்பு. 77,000-க்கு மேல் போனால் வண்டி எடைக்கு.

"முதலில் ஹெட்டை மட்டும் கழற்று தம்பி, அந்தக் கூலியைத் தனியாக வாங்கிக்கொள்" என்றேன். பிளாக்கில் வெடிப்பு இருந்தால் அத்தோடு நிறுத்திவிடலாம். வெடிப்பு இல்லை. ஹெட் வளைந்திருந்தது, இரண்டு சிலிண்டரில் பிஸ்டன் உராய்ந்து கோடு விழுந்திருந்தது. லேத்தில் கிராங்கை மைக்ரோமீட்டர் வைத்து என் எதிரிலேயே அளந்தார்கள். 0.25 மி.மீ. கிரைண்டிங்கில் சரியாகிவிடும் என்றார்கள். அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் கடையில் கிடைக்கும். தேய்மானம் அதிகமாக இருந்தால் 0.50, அதற்கும் மேல் என்று போக வேண்டியிருக்கும். ஹெட் வேலை, லைனர், பிஸ்டன் செட், வாட்டர் பம்ப், எல்லா ஹோஸும் சேர்த்து 74,500-இல் முடிந்தது.

பழைய இன்ஜினே வாங்கி மாட்டிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத உதிரிபாகமா! ஆனால் இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையாக ஏற்ற வேண்டும், எங்கிருந்து வந்த இன்ஜின் என்பதற்கு பில் வேண்டும். பில் இல்லாத இன்ஜினைத் தொடவே தொடாதீர்கள்.

பக்கத்துக் காட்டு அண்ணனுக்கு இதே கணக்கு வேறு விதமாக வந்தது. அவருடைய பெட்ரோல் கார் மாதம் இரண்டு நடைதான் போகும். வருஷக்கணக்கில் மாட்டுக் கோமியக் கேனும் பஞ்சகவ்ய டிரம்மும் ஏற்றியதில் ஒழுகி ஒழுகி, மிதியடிக்குக் கீழே தரை முழுக்கத் துரு. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது. இன்ஜின் ரிப்பேருக்கு 40,000 சொன்னார்கள். வேண்டாங்கண்ணா, அடிமாட்டு விலைக்குப் போனாலும் பரவாயில்லை, கொடுத்துவிடுங்கள் என்றேன். இன்ஜினைப் புதுப்பிக்கலாம். பாடி அடியில் போனால் ஒட்டுப்போட்டு எத்தனை நாள் ஓட்டுவது? நம்மைப் போன்றவர்கள் டிரம்முக்கு அடியில் ஒரு ரப்பர் பாயைப் போடுவது நல்லது.

பழைய டீசல் வண்டியை ஓட்டிக்கொண்டு இயற்கை விவசாயம் பேசலாமா என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. கி.மீ.க்கு இத்தனை கிராம் புகைத்துகள் என்று டீசல் காருக்கு ஒரு வரம்பு உண்டு, பி.எஸ். 3-இல் 0.05, பி.எஸ். 6-இல் 0.0045. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். புது வண்டி செய்யவும் இரும்பும் கரியும் செலவாகும் என்பது உண்மைதான். ஆனாலும் தினமும் நகரத்துக்குள் ஓட்டுகிறவருக்குப் பழைய டீசலை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

15 வருஷம் ஆனால் வண்டியை உடைத்தே ஆக வேண்டும் என்றும் ஒரு பயம் இருக்கிறது. 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் தடை என்று வந்ததெல்லாம் டெல்லிப் பகுதிக்கு. நம்ம ஊரில் சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி, 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். காருக்குக் கட்டணம் 5,000. 20 வருஷம் தாண்டினால் 10,000. பசுமை வரி தனி.

எடைக்குப் போடுகிறவர்கள் அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து, ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. தெருமுனை இரும்புக் கடையில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட கிடைக்கலாம். ஆனால் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே நிற்கும். நம்பர் பிளேட் யார் கையில் போகிறதோ தெரியாது. வண்டி இனி ஓடாது என்றானால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவு சொல்கிறது. அண்ணன் நம்பர் பிளேட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஆர்.சி. ரத்தான பிறகுதான் மீதிப் பணத்தை எண்ணி வாங்கினார்.