எஞ்சின் ஒயில்: எத்தனை லீற்றர் என்பதற்கு முன் எந்த வண்டி என்று கேளுங்கள்

உதிரிப்பாகக் கடையில் நிற்பவனுக்கு ஒரு கேள்வி வாய்ப் பழக்கமாகிவிடும். "எத்தனை லீற்றர் தம்பி?" என்பதே அது. "எந்த வண்டிக்கு?" என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

கடற்கரைக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு நான்கு சில்லு ஏ.ரி.வி. வண்டிகளை வாடகைக்கு விடும் இளைஞர் ஒருவர் கடைக்கு வந்தார். "நல்ல ஒயிலாப் பார்த்துத் தாங்க காக்கா" என்றார். ராக்கையில் இருந்ததில் விலை கூடியதை எடுத்துக் கொடுத்தேன். அது புதிய ரகக் கார்களுக்கான ஒயில். மூன்று வாரத்தில் அவர் திரும்பி வந்தார். எஞ்சின் அலறுகிறது, ஆனால் வண்டி மணலில் ஏறுவதில்லை என்றார். மெக்கானிக் கழற்றிப் பார்த்தபோது கிளச் பிளேட்டுகள் வழுக்கிக் கருகியிருந்தன. சீசன் நேரத்தில் இரண்டு வண்டிகள் படுத்துவிட்டன.

ஒயிலின் தரத்தில் குறை இருக்கவில்லை. நான் தெரிவு செய்ததுதான் பிழை. கியர் மாற்றி ஓட்டும் சாதாரணக் காரில் எஞ்சினுக்கு ஓர் ஒயில், கியர் பெட்டிக்கு வேறு ஒயில். கிளச் பெரும்பாலும் ஒயில் படாமல் உலர்ந்தே இருக்கும். கியர் உள்ள ஏ.ரி.வி.யில், மோட்டார் சைக்கிளைப் போலவே, எஞ்சின், கியர், கிளச் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஒயிலில்தான் ஓடுகின்றன. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகப் பல கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் இரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். எஞ்சினுக்கு அது நன்மை. உராய்வினால் பிடிக்கின்ற கிளச்சுக்கோ அது கேடு.

ஆகவே ஒயில் வாங்கும்போது கேனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். 'ஜாஸோ எம்.ஏ.' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஜாஸோ என்பது ஜப்பானிய வாகனத் தர அமைப்பு. நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான அதன் தரநிர்ணயம் 1998இல் வந்தது. எம்.ஏ. என்றால் ஒயிலில் நனையும் கிளச்சுக்கு உகந்தது. 2006இல் அதனை எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரித்தார்கள். இரண்டாவதில் கிளச்சின் பிடி இன்னும் கூட. 'எம்.பி.' என்றிருந்தால் அது உராய்வு குறைந்த ரகம். உலர் கிளச் உள்ள ஸ்கூட்டர்களுக்கே அது பொருந்தும். ஏ.பி.ஐ. வட்டக் குறியின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்றிருந்தால், நனையும் கிளச் உள்ள வண்டிக்கு அதை வாங்காதீர்கள்.

பெல்ட்டில் ஓடும் ஏ.ரி.வி.களும் உண்டு. அவற்றில் சிலவற்றின் கிளச் உலர்ந்தது, சிலவற்றில் ஒயிலில் நனைவது. வண்டியோடு வந்த கையேட்டைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்தது 10டபிள்யூ-40 போன்ற இலக்கங்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். முதல் இலக்கம் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எமது கரையோரங்களில் அந்தக் கவலை இல்லை. இரண்டாவது இலக்கம் எஞ்சின் சூடான பின் ஒயிலின் தடிப்பைச் சொல்கிறது. வெயிலில், மணலில், மெதுவாக இழுத்து ஓடும் வண்டிக்கு இதுவே முக்கியம். 40ஆ 50ஆ என்பதைக் கையேட்டில் உள்ள வெப்பநிலை அட்டவணை காட்டும்.

நல்ல ஒயில் ஊற்றினாலும் கவனம் குறையக்கூடாது. சிறிய ஏ.ரி.வி. எஞ்சின்கள் பலவற்றில் ஒரு லீற்றர் அளவு ஒயில்தான் இருக்கும். தூசும் மணலும் அதை விரைவில் கெடுத்துவிடும். எயார் ஃபில்டரை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியில் ஒயில் பால் தேநீர் நிறத்தில் தெரிந்தால், தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். மாற்றும் நாள் வரும்வரை காத்திராமல் உடனே மாற்றுங்கள். அளவுக்கு மேல் ஊற்றினாலும் ஒயில் நுரைத்துக் கெடும்.

அந்த இளைஞருக்குக் கிளச் பிளேட்டுகளை என் செலவில் வாங்கிக் கொடுத்தேன். அவர் இழந்த சீசன் நாட்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட சம்பவத்தை நாம் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். நான் எதையும் மறைத்து விற்கவில்லை என்று முதலில் மனதைச் சமாதானப்படுத்தினேன். ஆனால் அவர் காசு தந்தது என் சொல்லை நம்பி. அந்த நம்பிக்கையும் ஓர் அமானிதம். அறியாமல் விற்றேன் என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியுமா?

இப்போது எமது கடையில் பையன்கள் ஒயில் கேனைத் தொடுமுன் எந்த வண்டி, கிளச் எந்த வகை, கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்கிறார்கள். சிலவேளை விலை குறைந்த கேனே விலைப்படுகிறது. இலாபம் சற்றுக் குறைவுதான். ஆனால் அந்த இளைஞர் இன்றும் எங்களிடம்தான் ஒயில் வாங்குகிறார், அல்ஹம்துலில்லாஹ்.